ஈர்வாளும் சுமையும்: மின்கல ரம்பத்தின் முன்கதை

வீட்டுத் தோட்டத்துக்கோ தென்னந்தோப்புக்கோ மின்கல ரம்பம் ஒன்றை வாங்க நினைப்பவர் கடையில் முதலில் எதிர்கொள்வது ஓர் அட்டைப்பெட்டியை. அதன்மேல் சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்: 36 வோல்ட், 5 ஆம்பியர் மணி, 35 செ.மீ. அலகு, சங்கிலியின் வேகம், அதிர்வின் அளவு, எடை. விற்பவர் அவற்றை ஒப்பிப்பார், வாங்குபவர் தலையசைப்பார். எண்களில் பெரியது எதுவோ அல்லது விலையில் சிறியது எதுவோ, அது பெரும்பாலும் வீடு வந்து சேரும்.

பழம்பாட்டு ஒன்றைக் கையில் எடுத்தால் சொல் சொல்லாகப் பிரித்து உரை காண்பது நம் மரபு. அந்தப் பெட்டியின் மேலுள்ள எண்களுக்கும் அவ்வாறு உரை காண இயலும். அவற்றுள் எதுவும் தானாக அங்கே வந்து அமர்ந்ததில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் உடல் இருக்கிறது: வலி தாங்கிய நோயாளியின் எலும்பு, பாரம் சுமந்தவனின் தோள், வெளுத்துப்போன விரல், கிழிபட்ட முகம். இந்தக் கருவியின் வரலாற்றைச் சுமை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு இடம் மாறிய வரலாறாகவே நாம் படிக்கலாம். அவ்வாறு படித்துவிட்டுக் கடைக்குச் செல்பவர் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.

தமிழில் 'வாள்' என்ற சொல் போர்வாளையும் மரம் அறுக்கும் வாளையும் ஒருங்கே குறிக்கும். வேறுபடுத்திச் சொல்ல வேண்டுமானால் ஈர்வாள் என்போம். மரம் அறுக்கும் ஆலையை வாள்பட்டறை என்று அழைக்கும் வழக்கு இன்றும் உண்டு. கொல்வதற்கும் அறுப்பதற்கும் ஒரே சொல் இருப்பதைச் சொற்பஞ்சம் என்று கொள்ள வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே எச்சரிக்கையோடு ஏந்த வேண்டும் என்ற அறிவும் அதற்குள் இருக்கிறது.

1. எலும்பு

சங்கிலி ரம்பம் காட்டில் பிறக்கவில்லை. அறுவை மேசையில் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகிய இருவரும் கணுக்கணுவாக மடங்கும் பல்வைத்த சங்கிலியொன்றை அறுவைக்குப் பயன்படுத்த முனைந்தனர். எய்ட்கன் 1785இல் வெளியான தம் மகப்பேற்று நூலில் அதனை விளக்கினார். இடுப்பெலும்பு ஒடுங்கியதால் குழந்தை வெளிவர இயலாத நிலையில், முன்புற இணைப்பை அறுத்து வழியுண்டாக்குவதற்கான கருவி அது. ஜெஃப்ரே அதனை நோயுற்ற மூட்டுகளை அகற்றுவதற்குக் கருதினார்.

"மகப்பேற்றுக்காகவே செயின்சா கண்டுபிடிக்கப்பட்டது" என்று இணையத்தில் அடிக்கடி உலவும் செய்தி இதிலிருந்து முளைத்ததுதான். அது பாதி உண்மை. எய்ட்கனின் கருவியில் சுழலும் வளையம் கிடையாது. இரு முனைகளிலும் கைப்பிடி பொருத்தி, முன்னும் பின்னும் கையால் இழுத்து அறுத்த சங்கிலி அது. பிற்காலத்தில் ஜிக்லி என்ற இத்தாலிய மருத்துவரின் கம்பி ரம்பம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இன்றைய ரம்பத்தின் நேரடி மூதாதை 1830இல் ஜெர்மனியின் வ்யூர்ட்ஸ்பர்க் நகரில் பெர்ன்ஹார்ட் ஹைனே உருவாக்கிய எலும்பறுப்பான். மருத்துவக் கருவிகள் செய்யும் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். ஒரு தகட்டின் விளிம்பைச் சுற்றி முடிவில்லாத சங்கிலி ஓடியது. சங்கிலியில் சிறு பற்கள். அதனைச் சுழற்ற ஒரு கைச்சுழலி. இன்று நாம் காணும் அமைப்பு முழுவதும் அதில் இருந்தது, இயந்திரம் ஒன்றைத் தவிர.

அவ்வளவு சிக்கலான கருவிக்கு அன்று என்ன தேவை என்று கேட்கலாம். மயக்க மருந்து அப்போது இல்லை. ஈதர் மயக்கத்தில் அறுவை செய்ய முடியும் என்று பாஸ்டனில் பொதுவெளியில் செய்து காட்டப்பட்டது 1846 அக்டோபரில்தான். ஹைனே இறந்ததும் அதே ஆண்டில். அதற்குமுன் உளியும் சுத்தியலும் எலும்பைச் சிதறடித்தன. அந்த அதிர்ச்சி நோயாளியின் உடலெங்கும் பரவியது. ஹைனேயின் சங்கிலி அதிர்ச்சியின்றி, சுற்றியுள்ள தசையை அதிகம் சிதைக்காமல் அறுத்தது. எனவே இந்தக் கருவியின் முதல் நோக்கம் வேகமாக அறுப்பதைவிட வலியைக் குறைப்பதாகவே இருந்தது. பின்னாளில் அது பெற்ற பெயருக்கும் இந்தப் பிறப்புக்கும் இடையிலுள்ள தொலைவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. கம்பி

எலும்பிலிருந்து மரத்துக்குச் சங்கிலி தாவ முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. கலிபோர்னியாவின் செம்மரங்கள் முந்நூறு அடி உயரம் வளர்பவை. நாம் ஆந்திரக் காடுகளில் அறிந்த செம்மரத்துக்கும் இவற்றுக்கும் பெயரளவிலேயே ஒற்றுமை. அவற்றை வீழ்த்துவதற்கென்றே சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் என்பவர் முடிவில்லாச் சங்கிலி ரம்பம் ஒன்றுக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். காட்டுக்குள் ஒருவர் எடுத்துச் செல்லக்கூடிய கருவியாக அது இருக்கவில்லை.

கையில் ஏந்தும் ரம்பத்தின் கதை 1920களின் ஜெர்மனியில் தொடங்குகிறது. ஸூரிச்சில் பிறந்த பொறியாளர் ஆந்திரியாஸ் ஷ்டீல் 1926இல் ஸ்டுட்கார்ட் நகரில் தம் நிறுவனத்தை ஆரம்பித்தார். அவருடைய முதல் சங்கிலி ரம்பம் மின்சாரத்தால் ஓடியது என்பதை இன்றைய வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். எடை 48 கிலோ. இருவர் தூக்க வேண்டும். இயந்திரம் கிடைத்தது, ஆனால் கம்பி போதவில்லை. மின்சாரம் இருந்த இடத்தில் காடு இல்லை. காடு இருந்த இடத்தில் மின்சாரம் இல்லை.

அந்தக் கம்பியை அறுத்தது பெட்ரோல். 1927இல் எமில் லெர்ப் தம் பெட்ரோல் ரம்பத்தைத் துரிங்கியாவின் டோல்மார் என்ற மலையில் சோதித்துப் பார்த்தார். மலையின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. 1929இல் ஷ்டீலும் 46 கிலோ எடையுள்ள பெட்ரோல் ரம்பத்தை வெளியிட்டார். மரம் அறுப்பவன் கம்பியிலிருந்து விடுபட்டான். அதற்கு விலையாகப் புகையையும் இரைச்சலையும் அதிர்வையும் ஏற்றுக்கொண்டான்.

இந்த வரலாற்றுக்குக் கறைகளும் உண்டு. ஷ்டீல் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். போருக்குப் பின் நேசநாட்டுப் படைகளால் காவலில் வைக்கப்பட்டவர். கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் கருவியாளரின் வரலாற்றைப் பக்கத்தில் ஒதுக்கிவைத்துவிடக் கூடாது என்பதால் இதனைக் குறிப்பிடுகிறோம்.

இன்று கடையில் நாம் பார்க்கும் மின்கல ரம்பத்தைப் பலரும் புதுமை என்கிறார்கள். ஆனால் ஏறத்தாழ நூறாண்டுக்குமுன் மின்சாரத்தில் தொடங்கிய கருவி, பெட்ரோலின் வழியே நெடுந்தொலைவு சுற்றி, மீண்டும் மின்சாரத்துக்கே திரும்பியிருக்கிறது. இம்முறை கம்பி இல்லை.

3. புழு

ரம்பத்தின் எடையைக் குறைத்தவர்கள் பொறியாளர்கள். அறுக்கும் முறையை மாற்றியதோ ஒரு புழு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜோசப் காக்ஸ் 1946இல் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவைக் கண்டார். நீள்கொம்பு வண்டினத்தின் புழு அது. மரத்தின் இழையோட்டம் எத்திசையில் இருந்தாலும் தடையின்றி அது முன்னேறியது.

அதுவரை சங்கிலியின் பற்கள் பழைய இருவர் ரம்பத்தின் பற்களைப் போலவே இருந்தன. அவை இழையைக் கீறின. கீறியதை வேறு பற்கள் வாரின. விரைவில் மழுங்கின. கூர்தீட்டுவதிலேயே பாதிப் பொழுது கழிந்தது. புழுவோ தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமும் மாறிமாறிச் சீவியது. அந்த வளைவை எஃகில் வடிக்க முடியுமா என்று காக்ஸ் தம் வீட்டு நிலவறைப் பட்டறையில் முயன்றார். 1947இல் அவருடைய சங்கிலி விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் ஓடும் பெரும்பாலான ரம்பச் சங்கிலிகள் அந்த வடிவத்தின் வழித்தோன்றல்களே. ஒரு பல் இடப்புறம், அடுத்தது வலப்புறம். ஒவ்வொன்றின் முன்னும் அது எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று வரையறுக்கும் ஒரு சிறு மேடு.

மின்கல ரம்பம் வாங்குபவருக்கு இந்தப் புழு சொல்லும் பாடம் ஒன்றுண்டு. அறுப்பது மோட்டார் அன்று, பல்தான். பல் கூராக இருந்தால் மரம் சீவல் சீவலாக வெளிவரும்; மாவாக உதிர்ந்தால் பல் மழுங்கிவிட்டது. மழுங்கிய பல்லோடு போராடும் மோட்டார் மின்கலத்தை வீணே குடிக்கும். பெட்ரோல் ரம்பத்தில் இந்த விரயம் கண்ணுக்குத் தெரியாது. தொட்டியை மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். மின்கலத்திலோ ஒவ்வொரு மழுங்கிய பல்லுக்கும் கணக்கு உண்டு. எனவே இரண்டாவது மின்கலத்துக்கு முன் வாங்க வேண்டியது பல்லின் அளவுக்குப் பொருந்தும் ஓர் உருட்டு அரம்.

4. விரல்

போருக்குப் பின் அலுமினியமும் மக்னீசியமும் ரம்பத்தை இளைக்கச் செய்தன. 1950இல் ஷ்டீல் நிறுவனம் ஒருவரே இயக்கும் 16 கிலோ ரம்பத்தைக் கொண்டுவந்தது. 1959இல் வந்த 'கான்ட்ரா' இன்னும் இலேசாயிற்று. தோளிலிருந்து சுமை இறங்கியது. இறங்கிய சுமை எங்கே சென்றது என்பதை ஜப்பானிய வனத்தொழிலாளரின் கதை சொல்லும்.

1954 செப்டம்பரில் ஜப்பானைத் தாக்கிய சூறாவளி, டோயா மாரு என்ற பயணக்கப்பலைக் கவிழ்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதே புயல் ஹொக்கைடோ தீவின் காடுகளையும் பெருமளவில் சாய்த்தது. விழுந்த மரங்கள் மக்கிப் புழு அரிப்பதற்குள் அகற்ற வேண்டியிருந்தது. கைரம்பத்தால் முடியாத வேலை. அரசு வனத்துறை சங்கிலி ரம்பங்களைப் பரவலாகப் புகுத்தியது.

சில ஆண்டுகளில் தொழிலாளரின் விரல்கள் குளிரில் வெளுக்கத் தொடங்கின. இரத்தவோட்டம் நின்று, மெழுகுபோல் வெண்மையாகி, உணர்வற்றுப் போயின. மக்கள் அதற்கு ஹகுரோபியோ, அதாவது வெண்மெழுகு நோய் என்று பெயரிட்டனர். நாள் முழுதும் கையில் ஏறிய அதிர்வே காரணம். இத்தகைய நோய் முற்றிலும் புதியதன்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கல்தச்சரிடம் அதன் அறிகுறிகளை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1918இலேயே ஆராய்ந்து எழுதியிருந்தார். எனினும் ஜப்பானில் அது வனத்தொழிலாளரின் தொழில்நோயாக ஏற்கப்பட 1960களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிற்சங்கங்களின் போராட்டத்துக்குப் பின் ஒருவர் நாளொன்றுக்கு 2 மணிநேரத்துக்குமேல் ரம்பம் பிடிக்கலாகாது என்ற வரம்பு வந்தது.

கைப்பிடிக்கும் இயந்திரத்துக்கும் இடையே இரப்பர், வில்சுருள் முதலியவற்றை வைத்து அதிர்வைத் தடுக்கும் முறை 1960களில் பரவியது அதன் தொடர்ச்சியே. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வகுத்த நெறிமுறை, எட்டு மணிநேர வேலைநாளுக்குக் கையில் ஏறும் அதிர்வின் உச்சவரம்பை 5 அலகாகவும், 2.5 அலகைத் தாண்டினாலே தடுப்பு நடவடிக்கை வேண்டும் என்றும் நிர்ணயித்தது. பெட்டியிலோ கையேட்டிலோ அச்சாகியிருக்கும் அதிர்வளவு இந்த அலகில்தான் தரப்படுகிறது. மின்மோட்டாரில் வெடித்தெரியும் உருளை இல்லாததால் அதன் அதிர்வு பொதுவாகக் குறைவு. ஆனால் சங்கிலி மரத்தைக் கடிக்கும் அதிர்வு அப்படியே இருக்கிறது. இரண்டு கருவிகளுள் ஒன்றைத் தேர்கையில் பலரும் தாண்டிச் செல்லும் அந்த எண்ணை நிறுத்திப் படிக்க வேண்டும். அது வெளுத்த விரல்கள் எழுதிய எண்.

5. உதைப்பு

தகட்டின் மூக்கில், மேற்பாதி வளைவு ஏதேனும் ஒரு கிளையிலோ கட்டையிலோ பட்டால், சங்கிலி அங்கே கடித்து நிற்க, முழு ரம்பமும் பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். பின்னுதைப்பு என்று இதனைச் சொல்லலாம். ஒரு விநாடியின் சிறு பின்னத்துக்குள் நடந்து முடிந்துவிடும். மனிதன் உணர்ந்து கையை விலக்க அந்தக் காலம் போதாது.

முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கும் பிளாஸ்டிக் தட்டைப் பலர் வெறும் கைக்காப்பு என்று எண்ணுகிறார்கள். அது ஒரு நெம்பு. ரம்பம் எகிறும்போது கை அதில் மோதினாலும், மோதாவிடினும் எகிறும் விசையினாலேயே அது முன்தள்ளப்பட்டாலும், சங்கிலி கணத்தில் நின்றுவிடும். 1970களின் தொடக்கத்தில் ஷ்டீலும் ஸ்வீடனின் ஹுஸ்க்வர்னாவும் இந்தத் தடையைத் தங்கள் ரம்பங்களில் பொருத்தின.

இங்குதான் வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். மின்கலத்தில் ஓடுவதால் மட்டும் பின்னுதைப்பு குறைந்துவிடாது. மலிவான சிறு ரம்பங்கள் சிலவற்றில் இந்தத் தடையே இருப்பதில்லை. ஒரு கையால் பிடிக்கும் குட்டி ரம்பங்கள் அவ்வகையில் மேலும் ஐயத்துக்குரியவை. சங்கிலித் தடை இல்லாத ரம்பம் எத்தனை வோல்ட் ஆனாலும் வேண்டாம் என்பதே நம் துணிபு.

இன்னுமொன்று. பெட்ரோல் ரம்பம் சும்மா இருக்கும்போதும் உறுமிக்கொண்டிருக்கும். தான் விழித்திருப்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கும். மின்கல ரம்பம் ஓய்வில் முழு ஊமை. ஆனால் விசையைத் தொட்ட கணத்தில் முழு வேகம் கொள்ளும். ஆகவே சங்கிலியைத் தொடுமுன், இறுக்கத்தைச் சரிசெய்யுமுன், வேறிடத்துக்கு எடுத்துச் செல்லுமுன் மின்கலத்தைக் கழற்றிவிடுவது இன்றியமையாதது. ஏணிமீது நின்றோ, தோளுக்கு மேலே உயர்த்தியோ, ஒற்றைக் கையாலோ அறுக்கலாகாது என்ற பழைய விதிகளும் அப்படியே நிற்கின்றன. காற்சட்டைகளின் உள்ளிழை சங்கிலியில் சிக்கி அதனை நிறுத்துவது பெட்ரோல் ரம்பத்தை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. மின்மோட்டாரை அதே உறுதியோடு அது நிறுத்தும் என்று நம்பிவிடக் கூடாது.

6. மின்கலம்

கம்பியின்றி மின்சாரத்தைக் காட்டுக்குள் எடுத்துச் செல்ல வேதியியல் உதவ வேண்டியிருந்தது. 1961இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் நிக்கல் காட்மியக் கலத்தில் ஓடும் துளைப்பானை வெளியிட்டது. துளையிட அது போதும். மரம் அறுக்கப் போதாது. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியக் கலத்துக்கு அடித்தளமிட்டார். 1980இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு அதன் மின்னழுத்தத்தை உயர்த்தினார். 1985இல் அகிரா யோஷினோ பாதுகாப்பான கார்பன் மின்முனையோடு அதனை இணைத்தார். 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதற்கிடையே, 1980களின் முதற்பாதியில் ஜப்பானின் சுமிடோமோவிலும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிலும் தனித்தனியே பிறந்த நியோடிமியக் காந்தம் மோட்டாரைச் சிறிதாக்கியது. 2005இல் மில்வாக்கி நிறுவனம் 28 வோல்ட் லித்தியம் அயனி மின்கலத்தைக் கைக்கருவிகளுக்குக் கொண்டுவந்தது. 2010களில் சங்கிலி ரம்பமும் அவ்வழியே வந்தது.

இனிப் பெட்டியின் எண்களை எளிதில் படிக்கலாம். ஒரு லித்தியம் அயனிக் கலத்தின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். பத்துக் கலங்களைத் தொடராக இணைத்தால் 36. முழு மின்னேற்றத்தில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டைத் தொடுவதால் அதே மின்கலத்தை '40 வோல்ட் அதிகபட்சம்' என்று விற்பதும் உண்டு. எனவே 36ஐவிட 40 பெரிது என்று எண்ணி ஏமாற வேண்டாம், இரண்டும் ஒன்றே. ஒப்பிட வேண்டியது வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கி வரும் வாட் மணியை. 36 வோல்ட், 5 ஆம்பியர் மணி எனில் 180 வாட் மணி.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9,000 வாட் மணி ஆற்றல் உண்டு. எடை முக்கால் கிலோ. மின்கலமோ ஒரு கிலோவுக்கு மேல் எடையோடு அதில் ஐம்பதில் ஒரு பங்கையே சுமக்கிறது. பெட்ரோல் ரம்பம் தன் ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவதாலும், அறுக்காத நேரத்திலும் எரிந்துகொண்டிருப்பதாலும் நடைமுறையில் இடைவெளி இவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. ஆயினும் நாள் முழுவதும் பெருமரம் அறுப்பவர் இன்னும் பெட்ரோலைக் கைவிடத் தயங்குவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

மறுபுறம் புகையின் கணக்கும் உண்டு. ஈரடி எந்திரம் எரியாத எரிபொருளில் ஒரு பகுதியையும், அதில் கலந்த எண்ணெயையும் சேர்த்தே வெளியே துப்புகிறது. அதனை முதலில் சுவாசிப்பவர் ரம்பம் பிடித்தவர். கலிபோர்னியா 2021 அக்டோபரில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்வழி, சிறு தோட்டக்கருவிகளின் புதிய எந்திரங்கள் 2024 மாதிரி ஆண்டு முதல் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. 45 சிசிக்கு உட்பட்ட ரம்பங்கள் அதில் அடங்கின. அதற்கு மேற்பட்ட தொழில்முறை ரம்பங்கள் கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதால் அடங்கவில்லை. வீட்டுக்காரரையும் விறகுவெட்டியையும் பிரிக்கும் கோட்டைச் சட்டமே வரைந்துவிட்டது எனலாம்.

புகை நம் மூச்சிலிருந்து விலகியது, சுமை மறைந்துவிட்டதா? உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் குழந்தைகளும் உழைத்திருப்பது பன்னாட்டு மனித உரிமை அமைப்புகளால் ஆவணப்படுத்தப்பட்டது. ரம்பத்தின் சுமை மீண்டும் ஒருமுறை இடம் மாறியிருக்கிறது, இம்முறை கண்காணாத தொலைவுக்கு. ஆகவே, தேவைக்குமேல் மின்கலங்களை வாங்கிக் குவிக்காமல், வீட்டிலுள்ள மற்றக் கருவிகளுக்கும் பொருந்தும் ஒரே வகை மின்கலத்தைத் தேர்ந்து, வெயிலில் போடாமல், நெடுநாள் வைக்கும்போது பாதி மின்னேற்றத்தில் வைத்து, அதன் ஆயுளை நீட்டிப்பது சிக்கனத்தோடு அறமும் ஆகும்.

7. தேர்வு

ஹொக்கைடோவில் சூறாவளி ரம்பத்தைக் கொண்டுவந்ததைப் பார்த்தோம். நமக்கும் அத்தகைய நினைவு உண்டு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் ஒரே இரவில் தென்னந்தோப்புகளைத் தரையில் கிடத்தியது. விழுந்த மரங்களை அகற்றச் சங்கிலி ரம்பங்கள் ஊர் ஊராகத் தேவைப்பட்டன. அதே இரவில் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ரம்பம் மிகத் தேவைப்படும் நாள், மின்கலத்தை ஏற்ற முடியாத நாளாகவும் இருக்கலாம். கடலோர மாவட்டங்களில் வாங்குவோர் இதனை மறக்கலாகாது. புயல் அறிவிப்பு வந்தவுடன் மின்கலங்களை முழுமையாக ஏற்றிவைப்பதும், வண்டியிலிருந்தோ சூரியத் தகட்டிலிருந்தோ ஏற்ற வழியுண்டா என்று வாங்கும்போதே கேட்பதும் நலம்.

தென்னையின் புறப்பகுதி கடினமானது. உள்ளே மென்மையும் நாரும். அதனால் பல் விரைவில் மழுங்கும், நார் சங்கிலியின் உறைக்குள் அடையும். முற்றிய தென்னையின் அடிமரத்தை வீழ்த்தும் வேலையைப் பழகிய தொழிலாளரிடம் விட்டு, உரிய கூலியைக் கொடுப்பதே தகும். கிளை கழித்தல், விழுந்த மரத்தைத் துண்டாக்கல், வேலிமரம் ஒழுங்குசெய்தல், விறகு அறுத்தல் ஆகியவை வீட்டுக்காரரின் எல்லை. அதற்கு 30 முதல் 35 செ.மீ. அலகு போதும், அறுக்கும் கட்டையின் குறுக்களவைவிட அலகு சற்று நீண்டிருக்க வேண்டும். 36 வோல்ட் வகையில் 150 வாட் மணிக்குக் குறையாத மின்கலம், சங்கிலித் தடை, உதைப்புக் குறைந்த சங்கிலி, தானாக எண்ணெய் சொட்டும் அமைப்பு, மின்கலத்தோடு சேர்த்து 5 கிலோவைத் தாண்டாத எடை ஆகியவை இருந்தால் நிறைவு. மின்கல ரம்பத்துக்கும் சங்கிலி எண்ணெய் வேண்டும் என்பதைப் பலர் மறந்து தகட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பத்து மைல் சுற்றளவில் சங்கிலியும் பழுதுபார்ப்பும் கிடைக்குமா என்பது, வெளிநாட்டுப் பெயரைவிடப் பெரிய தகுதி.

8. ஓசை

இறுதியாக, பெட்டியில் பெருமையோடு அச்சிடப்படும் ஒரு தகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்: ஓசைக் குறைவு. பெட்ரோல் ரம்பம் 100 டெசிபலைத் தாண்டும். பிடித்திருப்பவரின் செவிப்புலனைக் காலப்போக்கில் தின்னும். அந்தச் சுமை இறங்குவது நல்லதே. ஆனால் அந்த இரைச்சலுக்கு இன்னொரு பணியும் இருந்தது.

பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் 1970களிலும் 80களிலும் இரப்பர்ப் பால் சேகரிப்போர் காட்டை அழிக்கவந்த ரம்பங்களின் முன் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். அவர்களின் தலைவர் சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பர் 22 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர், 2010களில், ரெயின்ஃபாரஸ்ட் கனெக்‌ஷன் என்ற அமைப்பு பழைய கைப்பேசிகளை மழைக்காட்டு மரவுச்சிகளில் பொருத்தியது. சூரிய ஒளியில் இயங்கி அவை கேட்டுக்கொண்டிருந்தது சங்கிலி ரம்பத்தின் ஓசையைத்தான். ஓசை எழுந்தால் காவலர்க்குச் செய்தி போகும். ரம்பத்தின் உறுமல், மரம் வீழ்கிறது என்று ஊருக்கு அறிவிக்கும் சாட்சியாக இருந்தது.

மின்கல ரம்பம் சாட்சியைக் குறைத்துவிட்டது. கொல்லைப்புறத்து வேம்பு பத்து நிமிடத்தில் சாயும், அடுத்த வீட்டுக்காரர் வந்து "ஏன்?" என்று கேட்பதற்குமுன் சீவல்கூட அள்ளப்பட்டிருக்கும். தோள், விரல், மூச்சு, செவி என்று ஒவ்வோர் உடலிலிருந்தும் இறக்கிவைத்த பின் இந்தக் கருவியில் வாங்குபவரிடம் எஞ்சுவது அந்த ஒரு கேள்வியின் சுமை மட்டுமே. அதனைக் கேட்பதற்கு வேறு எவரும் இல்லை என்பதை அறிந்து விசையைத் தொடுபவரே இந்த ஈர்வாளுக்கு உரியவர்.